தொழிலாளரே முதலாளி: காபி ஹவுஸ் கற்றுத் தரும் பாடம்

பெங்களூர் மகாத்மா காந்தி சாலையில் பல ஆண்டுகள் இயங்கி வந்த காபி ஹவுசைப் பழைய ஆட்கள் யாரும் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளை உடுப்பும் தலைப்பாகையுமாகச் சர்வர்கள் காபி கொண்டுவந்து வைப்பார்கள். குமாஸ்தா, கல்லூரி மாணவர், பத்திரிகைக்காரர், ஓய்வு பெற்ற அதிகாரி என்று பலதரப்பட்டவர்களும் அங்கே உட்கார்ந்து காபி குடித்தார்கள். அந்தக் கடையின் முதலாளி யார் என்று கேட்டால் மட்டும் அவர்களில் பலர் விழித்திருப்பார்கள். காபியைக் கொண்டுவந்து வைத்த அந்தச் சர்வர்தான் முதலாளி! அவரும் சமையற்கட்டில் நின்றவரும் கணக்கு எழுதியவரும் சேர்ந்து அமைத்த கூட்டுறவுச் சங்கத்துக்கே அந்தக் கடை சொந்தமாக இருந்தது.

வேலை தேடி வெளிமாநிலம் வந்தவர்களுக்கு இந்த வரலாறு வெறும் பழங்கதை அல்ல. உழைப்பவனிடம் உழைப்பைத் தவிர வேறு சொத்து இல்லையென்றால் அவன் கதி என்ன? பலர் கூடிச் சொத்து சேர்த்தால் அதைக் காப்பது எப்படி? இரண்டு கேள்விகளுக்கும் இதில் விடை இருக்கிறது.

வேலை போகும் நேரத்தில் பிறந்த சங்கம்

காபி ஹவுஸ்களை முதலில் தொடங்கியவர்கள் தொழிலாளர்கள் அல்லர். 1930களில் உலகெங்கும் விலை வீழ்ந்தபோது இந்தியக் காபித் தோட்டங்களும் தடுமாறின. உள்நாட்டில் காபி குடிக்கும் பழக்கத்தைப் பரப்புவதற்காகக் காபித் தீர்வைக் குழு கடைகளைத் திறந்தது. முதல் கடை 1936இல் பம்பாயில் வந்தது. பின்னர் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட காபி வாரியம் அவற்றை ஏற்று நடத்தியது. 1940களில் நாடெங்கும் ஏறத்தாழ 50 கடைகள் இருந்தன.

1950களின் நடுவில் நிலைமை மாறியது. காபி ஹவுஸ்களை மூடிவிட வாரியம் முடிவு செய்தது. பல ஆண்டுகள் உழைத்த தொழிலாளர்கள் தெருவில் நிற்க வேண்டிய நிலை. அப்போது அவர்களுக்குத் துணையாக நின்றவர் கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ.கே. கோபாலன். மூடுவதை எதிர்த்துக் குரல் எழுப்பியதோடு அவர் நிற்கவில்லை. கடைகளைத் தொழிலாளர்களே எடுத்து நடத்தட்டும் என்ற யோசனையையும் முன்வைத்தார்.

அந்த யோசனை முதலில் உருப்பெற்றது பெங்களூரில்தான். 1957 ஆகஸ்ட் 19ஆம் தேதி இங்கே முதல் காபித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 27ஆம் தேதி புதுடெல்லியில் தொழிலாளர்கள் நடத்தும் காபி ஹவுஸ் திறக்கப்பட்டது. 1958 மார்ச்சில் கேரளத்தின் திருச்சூரும் அந்த வரிசையில் சேர்ந்தது. கல்கத்தாவிலும் புதுச்சேரியிலும் காபி ஹவுஸ்கள் தொழிலாளர் கைக்கு வந்தன. வேலை போகும் என்று அஞ்சிய நேரத்தில் தொடங்கிய இயக்கம் அரை நூற்றாண்டைத் தாண்டி நிலைத்தது.

ஒரு ஆள், ஒரு ஓட்டு

கூட்டுறவு என்றால் என்ன? ஒவ்வொரு உறுப்பினரும் பங்குத்தொகை செலுத்துகிறார். ஒருவர் பத்துப் பங்கு வைத்திருந்தாலும் ஒரு பங்கு வைத்திருந்தாலும் அவருக்கு ஓட்டு ஒன்றுதான். தனியார் கம்பெனியில் பணத்துக்கு ஓட்டு. கூட்டுறவில் ஆளுக்கு ஓட்டு. இயக்குநர் குழுவை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். லாபத்தில் ஒரு பகுதி சேமநிதிக்குப் போக, மீதம் உறுப்பினர்களுக்குத் திரும்புகிறது. கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்து பொதுக்குழுவின் முன் வைக்க வேண்டும்.

இது தமிழர்களுக்குப் புதிதும் அல்ல. 1904இல் சென்னை திருவல்லிக்கேணியில் சம்பளக்காரர்கள் சிலர் கூடி, நல்ல மளிகைச் சாமான்களை நியாய விலைக்கு வாங்குவதற்காகத் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் நாடறிந்த பேச்சாளரான சீனிவாச சாஸ்திரியும் அந்த முயற்சியில் பங்கு கொண்டவர். பெரும் செல்வம் படைத்தவர்கள் அல்லர். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவர்கள். அவர்கள் வைத்த செடி நூறாண்டு கடந்தும் பட்டுப்போகவில்லை.

கடை சொந்தம், கட்டிடம் வாடகை

காபி ஹவுஸ் வரலாற்றில் கசப்பான ஒரு பக்கமும் உண்டு. 2009 ஏப்ரலில் மகாத்மா காந்தி சாலைக் கடை மூடப்பட்டது. வியாபாரம் படுத்ததால் அல்ல. கடைசி நாட்களில் அங்கே உட்கார இடம் கிடைக்காத அளவுக்குக் கூட்டம். தொழிலாளர்களுக்குள் பிளவு ஏற்பட்டதாலும் அல்ல. கடை சங்கத்துடையது, கட்டிடம் வேறொருவருடையது. கட்டிட உரிமையாளருடன் இருந்த வழக்கு சங்கத்துக்குப் பாதகமாக முடிந்தது. காபி ஹவுஸ் பக்கத்திலுள்ள சர்ச் தெருவுக்கு இடம் பெயர்ந்தது.

பேரும் சங்கத்துடையது, தொழிலும் சங்கத்துடையது, வாடிக்கையாளர்களின் அன்பும் சங்கத்துடையது. ஆனால் நான்கு சுவர் மட்டும் அதனுடையதாக இல்லை. நகரம் வளர்ந்து மனை விலை ஏறியபோது அந்த நான்கு சுவரே எல்லாவற்றையும் தீர்மானித்தது. ஆயினும், தொழில் தொழிலாளர் கையில் இருந்ததால்தான் கடை இடம் மாறியதோடு போயிற்று. தனி முதலாளியின் கடையாக இருந்திருந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து ஆட்களை அனுப்பியிருக்கலாம்.

தங்கவயல் தரும் எச்சரிக்கை

இரண்டுமே கையில் இல்லாதவர்கள் கதி என்ன என்பதற்குத் தொலைவில் போக வேண்டாம். பங்காருப்பேட்டையைத் தாண்டினால் கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தொழில் தொடங்கியது முதல், வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பூமிக்கடியில் உழைத்தார்கள். சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் சென்றது. வேலையும் சுரங்கத்தைச் சார்ந்தது. குடியிருந்த வீடும் சுரங்கத்தின் வீடு. நோய்க்குப் போன ஆஸ்பத்திரியும் சுரங்கத்தின் ஆஸ்பத்திரி.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. வேலை போனதோடு துன்பம் நிற்கவில்லை. தாத்தா காலத்திலிருந்து வாழ்ந்த வீட்டுக்கே உரிமை என்ன என்ற கேள்வி எழுந்து, ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அந்த ஊர்ப் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து பெங்களூருக்கு ரயிலேறினார்கள். டன் கணக்கில் தங்கம் எடுத்தவர்களுக்கு ஒரு முழம் மண் சொந்தமாக இல்லை என்றால், குறை உழைப்பில் இல்லை, உரிமையில்தான்.

ஊர் வாங்கிய காற்றாலை

ஒரு ஊரே கூடிச் சொத்து வாங்க முடியுமா? வாங்கிக் காட்டியது கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறைப் பஞ்சாயத்து. தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மின்கட்டணம் கட்டியே பஞ்சாயத்தின் வருமானம் கரைந்து கொண்டிருந்தது. தலைவராக இருந்த ஆர். சண்முகம் ஒரு துணிச்சலான வழியைக் கண்டார். பஞ்சாயத்துச் சேமிப்பிலிருந்து 40 லட்சம், வங்கிக் கடன் 1 கோடியே 15 லட்சம், ஆக 1 கோடியே 55 லட்சம் ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை 2006இல் பஞ்சாயத்து வாங்கியது. காற்று வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கத்தில், மைவாடியில் அதை நிறுவினார்கள்.

ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் மின்சாரம் கிடைத்தது. ஊருக்குத் தேவை சுமார் 4.5 லட்சம் யூனிட். மிச்சம் மின்வாரியத்துக்கு விற்பனையாயிற்று. கடனைக் காற்றே அடைத்தது. காற்றாலை தலைவர் பெயரில் இல்லை, பஞ்சாயத்துப் பெயரில் இருக்கிறது. ஆட்கள் மாறுவார்கள்; பத்திரம் மாறாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

பெங்களூர்த் தமிழர்களிடம் கூட்டு முயற்சிக்குப் பஞ்சமில்லை. அல்சூரில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950இல் தொடங்கிச் சொந்தக் கட்டிடத்தோடு நிமிர்ந்து நிற்கிறது. இதைத் தவிர ஊழியர் கடன் சங்கம், வீட்டு வசதிச் சங்கம், கோயில் கமிட்டி, தெருச் சீட்டு என்று சேர்ந்து செய்யாத காரியம் இல்லை. குறை எங்கே என்றால், பணம் கட்டுவதோடு பலர் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள்.

உறுப்பினர் ஒவ்வொருவரும் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். நிலமும் கட்டிடமும் யார் பெயரில் பதிவாகியிருக்கின்றன? சங்கத்தின் பெயரிலா, தனி ஆள் பெயரிலா? வாடகை இடமென்றால் ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு? தணிக்கை அறிக்கை எங்கே? பொதுக்குழு கடைசியாக எப்போது கூடியது? தேர்தல் நடந்ததா? இவற்றைக் கேட்பதைச் சண்டைக்கு இழுப்பதாக எண்ண வேண்டியதில்லை. கேட்காமல் இருப்பதுதான் சங்கத்துக்குச் செய்யும் துரோகம்.

சட்டமும் பக்கத்துணையாக இருக்கிறது. கர்நாடகத்தில் 1959ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டமும் 1997ஆம் ஆண்டின் சௌஹார்த சட்டமும் உள்ளன. அரசியல் சாசனத்தின் 97ஆவது திருத்தம், கூட்டுறவுச் சங்கம் அமைப்பதை 19ஆவது பிரிவில் அடிப்படை உரிமையாகச் சேர்த்தது. அத்திருத்தத்தின் வேறொரு பகுதி மாநிலச் சங்கங்களுக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தபோதும் இந்த உரிமைக்குப் பங்கம் வரவில்லை.

1957இல் பெங்களூரில் கூடிய காபித் தொழிலாளர்களிடம் பெரிய முதல் இல்லை. வேலை தெரியும், ஒற்றுமை இருந்தது, அவ்வளவுதான். அதை வைத்துக் கடையைச் சொந்தமாக்கினார்கள். அடுத்து வருகிறவர்கள் ஒரு படி மேலே போய்க் கட்டிடத்தையும் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு முதல் வேலை, அடுத்த பொதுக்குழுக் கூட்டத்துக்கு நேரத்தோடு போய் முன்வரிசையில் உட்காருவதுதான்.