ஒளிப்படமும் நாளும்

இராமநாதபுரம் மாவட்டத்தில் பாக் விரிகுடாவின் கரையில் அமைந்த சிற்றூர் காரங்காடு. இவ்வூர் அலையாத்திக் காட்டினூடே வனத்துறையின் படகுகள் பயணிகளை அழைத்துச் செல்கின்றன. கரையேறும் ஒருவரது திறன்பேசியில் வேரும் பறவையும் நண்பர் முகமுமாகப் பல படங்கள் சேர்ந்திருக்கும். அவை வீட்டுக் கணினியை அடைந்தபின், பெரும்பாலும் ‘புதிய கோப்புறை’ என்னும் பெயரிலேயே உறங்கிவிடுகின்றன.

அவ்வாறு உறங்குவதால் இழப்பு உண்டு. ஒரே கழிமுகத்தை ஆண்டுதோறும் ஒருவர் படம் எடுக்கிறார் எனக் கொள்வோம். ஒரு படத்தில் மரங்கள் அடர்ந்துள்ளன, மற்றொன்றில் அருகியுள்ளன. எது முந்தையது? நாள் தெரியாவிடில் காடு வளர்ந்ததா, அழிந்ததா என்று கூற இயலாது. படங்களின் வரிசை மாறினால் அவை உரைக்கும் செய்தியே தலைகீழாகும்.

நாளைக் கருவியே குறித்துவைக்கிறது. 1995இல் ஜப்பானில் உருவான ‘எக்ஸிஃப்’ என்னும் தரமுறைப்படி, படம் எடுத்த நாளும் நேரமும் படக்கோப்பினுள்ளேயே பதிவாகின்றன. இருப்பிட வசதி இயங்கினால் அகலாங்கும் நெட்டாங்கும் பதிவாகும். கணினித் திரையில் கோப்பின் அருகே தோன்றும் நாளோ பலவேளைகளில் படியெடுத்த நாளாக இருக்கும். அதனை நம்புதல் கூடாது. வாட்ஸ்அப் வழியே படமாக அனுப்பும்போது உட்குறிப்புகள் நீங்கிவிடுகின்றன. ஆவணமாக அனுப்பினால் நிலைக்கின்றன. கருவியின் கடிகாரமே பிழையாயின் அனைத்தும் பிழையே.

கோப்புறைக்குப் பெயரிடுவதில் ஒரு நுட்பம் உண்டு. ‘14-01-2024’ என நாளை முன்வைத்தால், கணினி எல்லா மாதங்களின் பதினான்காம் நாள்களையும் ஓரிடத்தில் குவிக்கும். ‘2024-01-14 காரங்காடு’ என ஆண்டை முன்வைத்தால், அகரவரிசையே காலவரிசையாகிவிடும். எழுதும் பழக்கத்திற்கு இது மாறானதுதான். எனினும் பயன் பெரிது. கருவி இடும் எண்கள் 9999க்குப் பின் மீண்டும் 0001இல் தொடங்குவதால், ஒரே பெயருடைய இரு படங்கள் ஒன்றையொன்று அழிக்கவும் கூடும். பெயரில் நாளைச் சேர்த்தால் அவ்விடர் அரிதாகும்.

படத்திலிருப்பது எந்தப் பறவை, படகிலிருப்பவர் யார் என்பனவற்றைக் கருவி அறியாது. அவற்றை மனிதரே எழுத வேண்டும். நினைவு மங்குமுன், எடுத்த அன்றே எழுதுதல் நன்று. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் படமெடுத்துத் தொகுத்தது. நூறாயிரத்திற்கும் மேற்பட்ட அப்படங்கள் ஆய்வாளருக்குப் பயன்படுவதற்கு அவற்றோடு இணைந்த ஊர்ப்பெயர்க் குறிப்புகளும் காரணமாகும்.

ஒழுங்குபடுத்திய தொகுப்பும் ஒரே வன்தட்டில் இருந்தால் பாதுகாப்பற்றது. உப்புக்காற்று மின்கருவிகளை அரிக்கும். 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்ததை இக்கடற்கரை அறியும். வீட்டையே கொள்ளும் வெள்ளம், அவ்வீட்டிலுள்ள இரண்டாம் படியையும் கொள்ளும். பீட்டர் குரோ என்னும் ஒளிப்படக் கலைஞர் இதற்கொரு கணக்கை வகுத்தார். படிகள் மூன்று, அவை இருவகை ஊடகங்களில் இருத்தல் வேண்டும், ஒரு படி வேற்றிடத்தில் இருத்தல் வேண்டும். உள்ளூரில் ஒரு வன்தட்டு, மதுரையில் வாழும் உறவினரிடம் மற்றொன்று, மேகக்கணிமையில் ஒரு படி என அமைத்தால் இக்கணக்கு நிறைவுறும். ஆண்டுக்கொருமுறை அப்படிகளைத் திறந்து, படங்கள் பழுதின்றித் தெரிகின்றனவா எனச் சரிபார்த்தல் வேண்டும்.