தாராவி: வாசலுக்கு வரும் மருத்துவம்; "ஊழியர்" என்ற பெயருக்கோ முடியாத போராட்டம்

மும்பை: தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்ட நாள் 2020 ஏப்ரல் 1. சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டருக்குள், குறைந்த மதிப்பீட்டின்படியே ஆறரை லட்சம் பேர் நெருக்கியடித்து வாழும் இடம் அது. பெரும்பாலோருக்குப் பொதுக் கழிப்பிடம்தான் கதி. அங்கே தொற்று புகுந்தால் தடுக்க இயலாது என்றே பலரும் அஞ்சினர். ஆனால் அதே ஆண்டு ஜூலை 10-ம் தேதி உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ், நோயைக் கட்டுக்குள் கொண்டுவர முடியும் என்பதற்கு இத்தாலி, ஸ்பெயின், தென் கொரியாவுடன் தாராவியையும் எடுத்துக்காட்டாகக் கூறினார். டிசம்பர் 25-ம் தேதி அங்கு புதிய நோயாளி ஒருவர்கூட இல்லை.

பாராட்டு மாநகராட்சி அதிகாரிகளுக்கும், துணிந்து களமிறங்கிய தனியார் மருத்துவர்களுக்கும் கிடைத்தது. தகுதியான பாராட்டுதான். எனினும், இருவர் எதிரெதிரே நடக்க முடியாத சந்துகளில் கதவைத் தட்டி, "வீட்டில் யாருக்காவது காய்ச்சல் உண்டா?" என்று கேட்டவர்களில் பெரும்பங்கினர் பெண்கள், மாநகராட்சியின் சமுதாய சுகாதாரத் தொண்டர்கள். மும்பை முழுவதும் இவர்கள் ஏறத்தாழ 4 ஆயிரம் பேர். ஊரகப் பகுதிகளுக்காக 2005-ல் தொடங்கப்பட்ட திட்டத்தில் உருவான ஆஷா ஊழியர்களுக்கும் இவர்களுக்கும் வேலையில் அதிக வேறுபாடில்லை. கருவுற்ற பெண்களைப் பதிவு செய்வது, தடுப்பூசிக்குக் குழந்தைகளை அழைத்து வருவது, இருமலும் தோல் தேமலும் காசநோயா, தொழுநோயா எனச் சோதிக்க அனுப்புவது இவர்களது அன்றாடப் பணி.

தாராவியின் தமிழ்க் குடும்பங்களிடம் இப்பணிக்குத் தனிச் சிக்கல் ஒன்றுண்டு. தோல் பதனிடும் தொழிலை நம்பி இங்கு குடியேறிய திருநெல்வேலிச் சீமைக்காரர்களின் வழிவந்தோர் ஏராளம். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போய்விடுவாள்; பதிவேடு பாதியில் நிற்கும். கோயில் கொடைக்கு ஊர் செல்லும் காசநோயாளி, குறைந்தது ஆறு மாதம் தவறாது உட்கொள்ள வேண்டிய மாத்திரையை இடையில் விட்டுவிடக்கூடும். அது சிறிய தவறன்று. எந்த மருந்துக்கும் கட்டுப்படாத காசநோய் என்று 2011 இறுதியில் மருத்துவ உலகை அதிரவைத்த அறிக்கை, தாராவியை அடுத்த மாஹிமில் உள்ள ஹிந்துஜா மருத்துவமனையிலிருந்து வெளிவந்தது. ஊருக்குப் புறப்படுபவரிடம் மாத்திரையை எண்ணிக் கொடுத்தனுப்ப, அவர் புறப்படுவது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அது சந்தில் நடமாடும் பெண்ணுக்குத் தெரியும். மருத்துவமனைக் கணினிக்குத் தெரியாது.

மகாராஷ்டிரத்துக்கு இது புதிய பாடமும் அல்ல. 1970-ல் ஜாம்கேடில் ஆரோலே தம்பதியர், எழுத்தறிவற்ற கிராமப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கிக் காட்டினர். கட்சிரோலியில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் நடத்திய ஆய்வு 1999-ல் வெளியானது. பயிற்சி பெற்ற கிராமப் பணியாளர்கள் வீட்டிலேயே அளித்த கவனிப்பால் பச்சிளங்குழந்தை மரணம் 62 சதவீதம் குறைந்ததாக அது தெரிவித்தது. தாராவியிலேயே, சயான் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் பிரிவை நடத்திய மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டஸ், 1999-ல் "ஸ்நேஹா" அமைப்பைத் தொடங்கியதும் இந்த எண்ணத்தில்தான்: பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

பலன் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஊதியத்தில் மட்டும் அரசுகள் தயங்குகின்றன. "தொண்டர்" என்ற சொல்லே இதற்குக் கேடயம். தொண்டருக்குத் தருவது மதிப்பூதியம். ஆகவே குறைந்தபட்ச ஊதியம், வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதியம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது வாதம். திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்கும்படி 2013-ல் 45-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் அமர்ந்த மாநாடு அது. அப்பரிந்துரை இன்னும் சட்டமாகவில்லை. 2022 மே மாதம் ஆஷா ஊழியர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் விருது வழங்கியபோது தில்லித் தலைவர்கள் பெருமிதம் கொண்டனர். விருதுக்கு அடுத்த ஆண்டே மகாராஷ்டிர ஆஷாக்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க நேர்ந்தது. 2024 மார்ச்சில்தான் மாநில அமைச்சரவை மாதம் ரூ.5 ஆயிரம் உயர்த்த ஒப்புதல் தந்தது. அந்த உயர்வும் மதிப்பூதியத்தில்தான். 2021-ல் தமிழகம் தொடங்கி ஐ.நா. விருதும் பெற்ற "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீடு தேடிச் செல்லும் பெண்களுக்கும் தன்னார்வலர் என்றே பெயர். இவ்விஷயத்தில் கட்சி வேறுபாடு காண்பது கடினம்.

இப்போது மற்றொரு கேள்வியும் சேர்ந்துள்ளது. 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் பெற்ற தாராவி மறுசீரமைப்புத் திட்டப்படி, 2000 ஜனவரி 1-க்குப் பின் குடியேறியோர் உள்ளிட்ட பலருக்குத் தாராவிக்குள் இலவச வீடு இல்லை. அவர்களுக்காக அரசு ஒதுக்கிய நிலங்களில் ஒன்று செம்பூருக்கு அப்பால் உள்ள தேவ்னார் குப்பைக் கிடங்கு. அது அமைந்துள்ள எம்-கிழக்கு வார்டு, மாநகரின் 2009 மனித வளர்ச்சி அறிக்கையில் கடைசி இடத்தில் இருந்தது. யார் வீட்டில் கர்ப்பிணி, யார் வீட்டில் இருமல் என்ற விவரத்தைப் பல ஆண்டுகளாகச் சுமப்பவர்கள் தாராவிப் பெண்கள். குடும்பங்கள் சிதறும்போது அந்த விவரமும் உடன் செல்ல வழி வேண்டும். புதிய இடத்தில் எத்தனை பணியாளர்கள், எந்தப் பெயரில், என்ன ஊதியத்தில் அமர்த்தப்படுவர் என்பதை மாநகராட்சி வீடுகளை ஒதுக்கும் முன்பே அறிவிக்க வேண்டும்.