ஃபேஷியல் தரும் பளபளப்பு எங்கிருந்து வருகிறது?

மார்டள்ளி, கர்நாடகத்தில் மாதேஸ்வரன் மலைக் காட்டோரம் தமிழ் பேசும் ஊர். சந்தனம் விளைந்த சீமை. முதல் உலகப் போரில் கட்டை ஏற்றுமதி முடங்கியபோது, மைசூர் சமஸ்தானம் தானே எண்ணெய் வடிக்கத் தொடங்கியது. மைசூர் சாண்டல் சோப்பு அதன் வழியில் பிறந்தது. சந்தனம் அரைத்துப் பூசிய முகங்களுக்கு இன்று பார்லரில் ஃபேஷியல் நடக்கிறது. கல்யாணச் செலவுக் கணக்கில் அதுவும் ஒரு வரி. அந்தப் பணத்துக்குத் தோலில் என்ன நடக்கிறது?

நம் தோலின் மேல்பரப்பு செத்த செல்களின் அடுக்கு. அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். உதிர வேண்டியவை ஒழுங்காக உதிராமல் ஒட்டிக்கொண்டால் பரப்பு மேடு பள்ளமாகிறது; அதில் விழும் வெளிச்சம் சிதறி முகம் மங்கலாகத் தெரிகிறது. ஃபேஷியலில் மென்மையாகத் தேய்த்துக் கழுவும்போது அவை போய்விடுகின்றன. பிறகு போடும் பேக் ஈரத்தை ஆவியாக விடாமல் பிடித்துவைப்பதால் மேலடுக்கு நீரை உறிஞ்சி உப்பிச் சமமாகிறது. சமமான பரப்பு வெளிச்சத்தைச் சீராகத் திருப்பி அனுப்புகிறது. நாம் பார்க்கும் பளபளப்பு இதுதான். நிறம் மாறியிருப்பதில்லை.

ஆவி பிடித்தால் துவாரங்கள் திறக்கும் என்பார்கள். தோல் துவாரங்களுக்குத் திறந்து மூடும் தசை கிடையாது. சூட்டில் உள்ளே இறுகிய எண்ணெய்ப் பசை இளகுகிறது. கரும்புள்ளிகளைக் கீறாமல் எடுக்க முடிகிறது. வீட்டில் நகத்தால் பிதுக்கித் தழும்பு வாங்குவதைவிடப் பழகிய கை எடுப்பது எவ்வளவோ மேல். மசாஜில் ரத்த ஓட்டம் கொஞ்ச நேரம் கூடி முகம் சிவக்கிறது. அந்த அரைமணி ஓய்வும் ஒரு பலன்தான். தயிர் பூசிய பாட்டிமார் அறியாமலே பயன்படுத்தியது லாக்டிக் அமிலம். செத்த செல்களைப் பிடித்துவைக்கும் பசையை அது தளர்த்தும். எண்ணெயில் கரையும் சாலிசிலிக் அமிலம் துவாரத்துக்குள்ளேயே போய் வேலை செய்யும். ஆனால் அழுத்தமான அமில பீலிங் தோல் மருத்துவர் கையில் இருக்க வேண்டியது. நம் மாநிறத் தோலில் புண்பட்ட இடம் கறுத்துப்போய் மாதக்கணக்கில் நிற்கும்.

இத்தனை நல்லதையும் கெடுப்பது வெள்ளையாக்கும் ஆசை. பிளீச் முகத்துப் பூனைமுடியை வெளுக்கச் செய்கிறது. முகமே வெளுத்ததாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அதைவிட ஆபத்து, பெயரில்லாத டப்பாவில் வரும் கிரீம். சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். ஒரே வாரத்தில் முகம் தெளியும், பிறகு தோல் மெலிந்து ரத்த நாளங்கள் தெரியும், நிறுத்தினால் எரிச்சலும் பருவும் கிளம்பும். சிலவற்றில் பாதரசம். 2023-இல் கேரளத்து மலப்புறம் மாவட்டத்தில் சிறுநீரக நோயோடு வந்த சிலரை விசாரித்தபோது, அவர்கள் பூசிய சிவப்பழகு கிரீமில் போய் நின்றது காரணம். முகத்துக்குப் பூசியது சிறுநீரகத்தைத் தின்றிருக்கிறது.

அம்மா, அக்கா, தங்கைகளே, ஃபேஷியல் செய்துகொள்ளுங்கள், அதில் தப்பில்லை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் புதிதாக எதையும் பூசாமல் ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். பழுத்த பரு இருந்தால் அது ஆறும்வரை தள்ளிப்போடுங்கள். மங்கு விழுந்த முகத்தைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பார்லரில் பூசப்போகும் டப்பாவைக் கையில் வாங்கிப் படியுங்கள். தயாரித்தவர் பெயரும் சேர்மானமும் அச்சிடாத கிரீம் என்றால், எவ்வளவு வற்புறுத்தினாலும் முகத்தில் பட விடாதீர்கள்.