பிளின்ட் குன்றுகளில் கோடை இடிமழை ஒளிப்படக்கலை

பிளின்ட் குன்றுகளில் கோடை இடிமழை ஒளிப்படக்கலை என்பது ஐக்கிய அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தின் கிழக்குப் பகுதியிலுள்ள புல்வெளிகளையும் அவற்றை அடுத்த கோதுமை வயல்களையும் காட்டுப்பூக்களையும், மேலெழும் இடிமழை முகில்களுடன் சேர்த்துப் படம் பிடிக்கும் நிலக்காட்சி ஒளிப்பட வகையாகும். மே நடுப்பகுதி முதல் சூன் இறுதி வரையான காலம் இதற்கு மிகவும் ஏற்றது. சிறந்த ஒளி கிடைக்கும் நிமிடங்களும் மின்னல் தாக்கக்கூடிய நிமிடங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைவதால், எந்தக் கருவியைக் கையாள்வது என்பதைவிட எங்கே, எப்போது நிற்பது என்பதே இவ்வகை ஒளிப்படத்தில் முதன்மையான கேள்வியாகும்.

நிலமும் பூக்களும்

வட அமெரிக்காவின் உயர்புல் வெளி ஒரு காலத்தில் சுமார் 17 கோடி ஏக்கர் பரப்பில் இருந்தது. இன்று அதில் 4 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியே எஞ்சியுள்ளது. எஞ்சியதில் பெரும்பகுதி பிளின்ட் குன்றுகளில் காணப்படுகிறது. இங்குள்ள சுண்ணாம்புக்கல் பாறையிலும் மேல்மண்ணிலும் கடினமான தீக்கற்கள் நிறைந்திருந்ததால் ஏர் ஓட்ட இயலவில்லை. குடியேறிய உழவர்கள் இந்நிலத்தை மேய்ச்சலுக்கு விட்டனர். அதனால் புல்வெளி தப்பியது. 1996 ஆம் ஆண்டு இதன் ஒரு பகுதி, ஏறத்தாழ 10,900 ஏக்கர், உயர்புல் வெளி தேசியக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஸ்டிராங் சிட்டி என்னும் சிற்றூருக்கு அருகில் இக்காப்பகம் உள்ளது. மன்ஹாட்டன் நகரத்தை அடுத்துள்ள கோன்சா புல்வெளி ஆய்வு நிலையத்திலும் பொதுமக்கள் நடந்து செல்லப் பாதைகள் உள்ளன.

பூக்கள் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. மே மாதத்தில் நீலநிறக் காட்டு அவுரி பூக்கும். சூன் மாதத்தில் நம் எருக்கின் உறவுத் தாவரமான செம்மஞ்சள் நிற அசுகிலெபியசும், இளஞ்சிவப்பு இதழ்கள் கீழ்நோக்கித் தொங்கும் எக்கினேசியாவும் பூக்கின்றன. கன்சாசின் மாநில மலரான காட்டுச் சூரியகாந்தி கோடையின் பிற்பகுதியில்தான் பெருமளவில் பூக்கும். சூலைக்குப் பின் புற்கள் உயர்ந்து சிறுபூக்களை மறைத்துவிடும். பெருநீலத்தண்டுப் புல் செப்டம்பரில் ஆள் உயரத்தையும் தாண்டும். புல் குட்டையாகவும் பூக்கள் மிகுந்தும் வானில் இடிமழை அடிக்கடி தோன்றியும் இருக்கும் காலம் ஏறத்தாழ ஆறு வாரங்கள் மட்டுமே. குன்றுகளை அடுத்துள்ள வயல்களில் கோதுமை பொன்னிறமாக முற்றி நிற்பதும் இதே காலத்தில்தான்.

இடிமழை உருவாகும் முறை

மெக்சிக்கோ வளைகுடாவிலிருந்து வரும் வெப்பமான ஈரக்காற்று தரையை ஒட்டி வடக்கே பாய்கிறது. அதன் மேல், தென்மேற்கு மேட்டு நிலங்களிலிருந்து வரும் வெப்பமான வறண்ட காற்று ஒரு மூடியைப் போல் படிகிறது. காலை முழுவதும் இம்மூடி ஈரக்காற்றை மேலெழ விடாமல் தடுக்கிறது. பிற்பகலில் தரை போதிய அளவு சூடானதும், அல்லது ஒரு வளிமுகம் வந்து தூண்டியதும், அடக்கி வைக்கப்பட்ட காற்று மூடியை உடைத்துக்கொண்டு எழுகிறது. தெளிந்த வானில் ஒரு மணி நேரத்துக்குள் 15 கிலோமீட்டர் உயரமுள்ள முகில் தோன்றுவது இதனால்தான். முகிலின் உச்சி அடுக்கு மண்டலத்தின் அடிப்பகுதியை எட்டியதும் மேலே செல்ல இயலாமல் பக்கவாட்டில் பரவி, கொல்லரின் பட்டடைக்கல் போன்ற வடிவத்தைப் பெறுகிறது. காற்றின் திசையும் வேகமும் உயரத்துடன் பெரிதும் மாறும் நாள்களில் முகிலின் மேலெழு காற்று சுழலத் தொடங்கும். அவ்வகை முகில் சூப்பர்செல் எனப்படும். பெரிய ஆலங்கட்டிகளும் வலிமை மிகுந்த சுழல்காற்றுகளும் பெரும்பாலும் இவற்றிலிருந்தே தோன்றுகின்றன.

படம் எடுப்பவர் இச்செயன்முறையை அறிந்திருப்பது இன்றியமையாதது. முகில் எழுந்த பிறகு பூவைத் தேடிச் செல்வோருக்குப் பெரும்பாலும் இரண்டும் கிடைப்பதில்லை. பிற்பகலிலேயே, மேற்கும் கிழக்கும் தடையின்றித் தெரியும் ஒரு சரிவில் பூக்கள் நிறைந்த இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்வதே அனுபவமுடையோரின் வழக்கமாகும்.

ஒளி

இடிமழைகள் இங்குப் பொதுவாகக் கிழக்கு அல்லது வடகிழக்கு நோக்கி நகர்கின்றன. எனவே அவை ஓரிடத்தைக் கடந்ததும் வானம் மேற்கிலிருந்தே தெளியத் தொடங்கும். சூன் மாதத்தில் இங்கு ஞாயிறு மறைவது கடிகாரப்படி இரவு 9 மணியை ஒட்டியாகும். மாலை 7 மணிக்கு மேல் ஒரு இடிமழை கடந்து சென்றால், தாழ்ந்த கதிரவனின் ஒளி முகிலின் விளிம்புக்குக் கீழே நுழைந்து வயலை மட்டும் ஒளிரச் செய்கிறது. பின்னணியில் முகில் கருநீலமாக நிற்கிறது. முகிலின் அடி இருண்டு தோன்றக் காரணம் அதன் தடிமனே: மேலே விழும் ஒளியில் பெரும்பகுதி சிதறி மேல்நோக்கியே திரும்பிவிடுகிறது. கீழே பொன்னிறமும் மேலே கருமையும் சேர்ந்த இந்தத் தலைகீழ் அமைப்பே இவ்வகைப் படங்களின் அழகுக்கு அடிப்படை.

வானவில் தோன்றுவதும் இவ்வேளையில்தான். அதன் மையம் கதிரவனுக்கு நேர் எதிரே, படம் எடுப்பவரின் தலை நிழல் விழும் திசையில் இருக்கும். ஆரம் சுமார் 42 பாகை. ஆகையால் கதிரவன் 42 பாகைக்கு மேல் இருக்கும்போது சமதரையிலிருந்து வானவில் தெரியாது. முழு வில்லையும் ஒரே சட்டத்தில் அடக்க 84 பாகை அகலம் தேவை. 35 மி.மீ. படச்சுருள் அளவுள்ள கருவியில் 20 மி.மீ. குவியத்தூர வில்லையின் கிடை அகலம் சரியாக அவ்வளவே; எனவே அதனினும் சற்றுக் குறுகிய குவியத்தூரம் வசதியானது. முனைவாக்க வடிகட்டியைப் பொருத்தியிருப்போர் அதனைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும்: ஒரு நிலையில் அது வானவில்லை அழுத்தமாகக் காட்டும், மறு நிலையில் அடியோடு அழித்துவிடும்.

இடிமழை நெருங்கி வரும்போது கிடைப்பது முற்றிலும் வேறான ஒளி. மழையிலிருந்து இறங்கிய குளிர்காற்று முன்னோக்கிப் பாய்ந்து, பரண் போன்று நீண்டு தாழ்ந்த ஒரு முகிலைத் தன் முன்விளிம்பில் உருவாக்குகிறது. இதனை வானிலையாளர் ஷெல்ஃப் முகில் என்பர். வயலில் வெயில் இராது. பூக்கள் காற்றில் சாய்ந்து கிடக்கும். படம் வியப்பூட்டுவதாக அமைந்தாலும், முகில் வந்து சேரச் சில நிமிடங்களே இருக்கும்.

ஒளியளவும் வில்லையும்

கருவியின் ஒளிமானி தான் காணும் காட்சி நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்று கொண்டே கணக்கிடுகிறது. சட்டத்தின் பெரும்பகுதியைக் கருமுகில் நிரப்பினால், கருவி அதனைச் சாம்பலாக வெளுக்கச் செய்யும். ஒளிரும் வயலோ முற்றிலும் வெளுத்து விவரம் இழக்கும். ஆகவே ஒளியளவை வயலுக்கே கணித்து, முகிலை இருண்டதாகவே விட வேண்டும். டிஜிட்டல் கருவியின் மூலக்கோப்பில் இருண்ட பகுதியைப் பின்னர் ஓரளவு மீட்கலாம். வெளுத்த பகுதியை மீட்க இயலாது.

பூவை அரை மீட்டர் அண்மையிலும் முகிலைத் தொலைவிலும் ஒருங்கே தெளிவாகக் காட்ட அகலக்கோண வில்லையும் சிறிய ஒளித்துளையும் தேவை. இங்கு ஒரு முரண் எழுகிறது. முகில் மூடிய ஒளியில் எஃப் 16, ஐ.எஸ்.ஓ 100 என்று அமைத்தால் ஷட்டர் வேகம் ஏறத்தாழ 1/12 நொடியாகிவிடும். காற்றில் ஆடும் பூவை நிறுத்திக் காட்டக் குறைந்தது 1/200 நொடி வேண்டும். எனவே ஐ.எஸ்.ஓ அளவை 1600 வரை உயர்த்த நேரிடும். படச்சுருள் காலத்தில் இவ்வழி இல்லை, ஐ.எஸ்.ஓ 50 அல்லது 64 அளவுள்ள வண்ணச் சுருள்களைப் பயன்படுத்தியோர் காற்று ஓயும் கணத்துக்காகக் காத்திருந்தனர். அச்சுருள்களுள் புகழ் பெற்ற கோடாகுரோமின் உற்பத்தி 2009 ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. அதனைக் கழுவிய உலகின் கடைசி ஆய்வகம் கன்சாசின் பார்சன்சு நகரத்தில் இருந்தது. 2010 திசம்பர் 30 வரை அது சுருள்களை ஏற்றுக்கொண்டது.

வரலாறு

தொடக்ககால ஒளிப்படத் தகடுகள் நீல ஒளியை மிகுதியாக உணர்ந்ததால் வானமும் முகிலும் ஒரே வெண்மையாகப் பதிந்தன. பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே 1850களில் கடற்காட்சிகளுக்கு வானத்தையும் நீரையும் தனித்தனி எதிர்படிகளில் எடுத்து இணைத்தார். பெருஞ்சமவெளியைப் பொறுத்தவரை, கன்சாசின் ஆண்டர்சன் மாவட்டத்தில் 1884 ஏப்ரல் 26 அன்று ஏ. ஏ. ஆடம்சு எடுத்த படமே அறியப்பட்ட சுழல்காற்றுப் படங்களுள் மிகப் பழையது எனக் கருதப்படுகிறது. மெதுவாக நகர்ந்த சுழல்காற்று என்பதால் அவரால் அதனை எடுக்க முடிந்தது.

கன்சாசைச் சேர்ந்த டெரி எவன்சு 1978 ஆம் ஆண்டு முதல் புல்வெளியைத் தொடர்ந்து படம் பிடித்தார். தரையை நேர் கீழாக நோக்கி எடுத்த படங்களும் வானத்தின் படங்களும் அடங்கிய அவரது நூல் 1986 இல் வெளிவந்தது. இடிமழை முகில்களைக் கருப்பு வெள்ளையில் எடுத்த மிட்ச் டொப்ரௌனரின் நூல் 2013 இல் வெளிவந்தது.

பொழுதுபோக்காகப் படம் எடுப்போரின் பங்கும் சிறிதன்று. அண்டை மாநிலங்களுக்கு அப்பால், ஐயோவாவின் சிடார் ராபிட்சு நகரில் 2006 சூனில் ஒருவர் எடுத்த, கொந்தளிக்கும் கடலைக் கீழிருந்து பார்ப்பது போன்ற முகில் படம் பெரும் விவாதத்தை எழுப்பியது. அவ்வடிவம் 2017 ஆம் ஆண்டு உலக வானிலை அமைப்பின் முகில் ஏட்டில் அஸ்பெரிட்டாசு என்ற பெயரில் சேர்க்கப்பட்டது.

ஆபத்தும் தொலைவும்

மரமற்ற புல்வெளியில் முக்காலியுடன் நிற்பவரே சுற்றுவட்டாரத்தில் மிக உயரமான பொருளாக இருக்கக்கூடும். மழை பெய்யும் இடத்திலிருந்து 15 கிலோமீட்டருக்கு அப்பாலும் மின்னல் தாக்கும். இடி காதில் விழுந்தால் மின்னல் எட்டும் தொலைவில் இருக்கிறோம் என்று கொள்ள வேண்டும். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடங்கள் கட்டடத்துக்குள் அல்லது உலோகக் கூரையுள்ள மூடிய வண்டிக்குள் இருத்தல் வேண்டும் என்பது வானிலைத் துறையின் அறிவுரை. வண்டியில் காப்பளிப்பது அதன் உலோகக் கூடே. சக்கரங்களின் ரப்பர் காக்கிறது என்பது தவறான நம்பிக்கை.

மழை நின்று பொன்னொளி விழும் நேரம் பெரும்பாலும் இந்த 30 நிமிடங்களுக்குள் அடங்கும். பலர் வண்டியை விட்டு இறங்குவதும் அப்போதுதான். ஆயினும் காத்திருப்பதால் படம் முழுவதும் போய்விடுவதில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் இடிமழை அரை மணி நேரத்தில் மேலும் 25 கிலோமீட்டர் கிழக்கே சென்றிருக்கும். 15 கிலோமீட்டர் உயர முகில் 40 கிலோமீட்டர் தொலைவிலிருந்து அடிவானத்துக்கு மேல் சுமார் 20 பாகை உயரமாகத் தெரியும். அடி முதல் பட்டடைக்கல் உச்சி வரை முழு முகிலையும் சாதாரண 50 மி.மீ. வில்லையில் அடக்க முடிவது அங்கிருந்துதான். முகிலின் கீழே நிற்பவருக்கு அதன் அடி மட்டுமே தெரியும். வானவில் ஒருவேளை தவறலாம். அதனை வண்டியின் உள்ளிருந்தே எடுத்துக்கொள்வது நன்று.

சுழல்காற்றை அணுகிப் படம் எடுப்பது வேறு வகை ஆபத்தாகும். ஓக்லஹோமாவின் எல் ரெனோ அருகில் 2013 மே 31 அன்று ஏற்பட்ட சுழல்காற்று திடீரெனத் திசை மாறி 4.2 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்தது. பல்லாண்டு அனுபவம் பெற்ற ஆய்வாளர் டிம் சமராசும், அவர் மகன் பால் சமராசும், உடன் சென்ற கார்ல் யங்கும் அதில் உயிரிழந்தனர். எச்சரிக்கையானவர் என்று சக ஆய்வாளர்களால் மதிக்கப்பட்டவர் டிம் சமராசு என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

வயல்களும் உரிமையாளர்களும்

காப்பகத்துக்கு வெளியே பெரும்பாலான நிலம் தனியாருக்குச் சொந்தமானது. வேலியைத் தாண்டுவதற்கு முன் ஒப்புதல் பெறுதல் வேண்டும். நிலம் ஒரு மைல் சதுரங்களாக அளக்கப்பட்டதால் ஊரகச் சாலைகள் பல இடங்களில் வடக்கு-தெற்காகவும் கிழக்கு-மேற்காகவும் நேராகச் செல்கின்றன. சாலையோரத்திலிருந்தே நல்ல படங்கள் அமையும். மண்சாலைகள் மழைக்குப் பின் சேறாகி வண்டியைச் சிக்கவைத்துவிடும் என்பதால் சரளை இட்ட சாலையில் நிறுத்துவது நல்லது. சூன் மாதக் கோதுமை அறுவடைக்குச் சில நாள்களே இருக்கும் பயிராகும். படத்துக்கு அழகூட்டும் அதே முகிலின் ஆலங்கட்டி மழை கதிர்களை உதிர்த்து ஓராண்டு விளைச்சலைப் பத்து நிமிடத்தில் அழித்துவிடக்கூடும். அத்தகைய மாலையில் ஒப்புதல் கேட்டு உழவரின் வீட்டுக் கதவைத் தட்டுவதைத் தவிர்த்தல் நலம்.