மனநோயாளிக்கும் மார்வலி வரும்!

"இவ எப்பவும் இப்படித்தான் சார்! கால் குடையுது, நெஞ்சு கனக்குதுன்னு ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பா. எல்லாம் மனசுதான்!"

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்திலிருந்து வருகிற குடும்பங்களிடம் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். வீட்டில் ஒருவர் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு அவர் சொல்லும் எந்த வலியையும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

விளைவு என்ன தெரியுமா? தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்கொலை மட்டுமே காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். மாரடைப்பு, சர்க்கரை, நுரையீரல் நோய் என்று உடம்பு வியாதிகளே பெரும்பங்கு. இதற்கென்றே 2018-ல் அந்த நிறுவனம் தனியாக ஒரு வழிகாட்டி வெளியிட்டது.

இது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. சர்க்கரை நோயாளிகளுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. மனச்சோர்வு வந்தவரோ நடப்பதில்லை, நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, சர்க்கரை மாத்திரையையும் மறந்துவிடுகிறார். சில சமயம் மனச்சோர்வு மாதிரித் தெரிவதே வேறு நோயாக இருக்கும். தைராய்டு சுரப்பு குறைந்தவரைப் பாருங்கள்: அசதி, முக வீக்கம், மலச்சிக்கல், எதிலும் பிடிப்பில்லாமை. ரத்தசோகையும் பி12 குறைவும் இப்படியே ஏமாற்றும். ஒரு ரத்தப் பரிசோதனையில் விஷயம் வெளியே வந்துவிடும்.

மாத்திரைகளுக்கும் இதில் பங்குண்டு. ஓலன்சபின், குளோசபின் போன்றவை எடையையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடும். குளோசபினால் வரும் மலச்சிக்கல் குடலையே அடைத்துவிடலாம். வயிறு உப்பி, வாந்தியும் வந்தால் பேதி மருந்து கொடுத்துப் பார்க்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்துவது அதைவிட ஆபத்து.

சித்த வைத்தியன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் வைத்தியத்தில் உப்பில்லாப் பத்தியம் உண்டு. ஆனால் லித்தியம் சாப்பிடுகிறவருக்கு அது ஆகவே ஆகாது! உடம்பில் உப்பு திடீரென்று குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் அளவு ஏறி விஷமாகும். சித்திரை வெயிலில், தகரக் கூரை பட்டறையில் வியர்த்துக் கொட்டும் வேலையும், வயிற்றுப்போக்கும், சிறுநீரைப் பெருக்கும் கஷாயங்களும், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும்கூட இதைச் செய்யும். கை அதிகமாக நடுங்குகிறதா? நடை தள்ளாடுகிறதா? பேச்சு குழறுகிறதா? அன்றைக்கே ரத்தத்தில் லித்தியம் அளவைப் பார்க்க வேண்டும். "நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லி லேகியம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்க நேரமில்லை.

அமுக்கராவும் அப்படித்தான். நல்ல மூலிகை, மறுக்கவில்லை. ஆனால் தைராய்டைத் தூண்டலாம், தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கத்தைக் கூட்டலாம். நாட்டு மருந்துக் கடையில் நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்காமல் சூரணம் தருகிற வைத்தியரையும் நம்பாதீர்கள்!

எங்கள் எட்டுவகைத் தேர்வில் நாடியோடு மொழி, மலம், மூத்திரம் எல்லாமே சேர்த்தி. மனநோயாளிக்கு மட்டும் இதில் எந்த விலக்கும் கிடையாது.

சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794-ல் தோன்றியது. அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' அமைப்பு, அம்பத்தூர்க்காரர்களுக்கு எட்டும் தூரத்தில் அண்ணா நகர் பக்கம் இருக்கிறது. ஆக, மனசுக்கு வைத்தியம் தேடி நம் பகுதிக்காரர்கள் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. எடை, இடுப்புச் சுற்றளவு, பிரஷர், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை மருந்து தொடங்கும்போதும், மூன்று மாதத்திலும், பிறகு வருஷா வருஷமும் பார்க்கச் சொல்லி நீங்களே டாக்டரிடம் கேளுங்கள். லித்தியம் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகமும் தைராய்டும் கூட.

எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா மாத்திரை அட்டைகளையும், கஷாயப் பொடியையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். "வாழவே பிடிக்கலை" என்று அவர் சொன்னால், தனியாக விடாதீர்கள். 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் பேசலாம்.