ரெஸ்யூமே என்பது வரன் ஜாதகம் அல்ல!

கம்ப்யூட்டர் படித்து, நாலைந்து வருஷம் வேலையும் பார்த்து, பிரசவத்துக்காக வீட்டோடு நின்றுவிட்ட பெண்கள் இன்று தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். குழந்தை எல்.கே.ஜி. போனதும், மறுபடி வேலைக்குப் போகலாமே என்ற ஆசை வருகிறது. பழைய ரெஸ்யூமேயைத் தேடி எடுக்கிறார்கள்.

என் நாத்தனார் பெண்ணுடையதைப் பார்த்தேன். நாலு பக்கம்! ஓரத்தில் போட்டோ, அப்பா பெயர், மதம், கல்யாணமானவரா என்பது வரை இருந்தது. கடைசியில் 'மேற்கண்டவை யாவும் உண்மை' என்று ஊர், தேதி, கையெழுத்து வேறு. தரகரிடம் கொடுக்கிற வரன் விவரம் தோற்றது போங்கள்! நாற்பது இடத்துக்கு அனுப்பியும் ஒரு போன்கூட வரவில்லையாம். மூன்று வருஷ இடைவெளிதான் காரணம் என்று கண்ணைக் கசக்கினாள்.

இடைவெளியும் காரணமாக இருக்கலாம். ஆனால் அதை யாராவது பார்த்தால்தானே?

பெரிய கம்பெனிகளில் ரெஸ்யூமே முதலில் போவது பெரும்பாலும் ஒரு மென்பொருளுக்குத்தான். பெயர், படிப்பு, வேலை என்று அது பிரித்து வைக்கும். ஆளெடுப்பவர் 'ஜாவா', 'செலினியம்' என்று தேடினால், அந்த வார்த்தை உள்ளவை அகப்படும். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, கட்டம் கட்டி, திறமைக்கு நட்சத்திரம் போட்டு அலங்கரித்தால் சில மென்பொருள்கள் இந்தப் பக்கத்து வரியையும் அந்தப் பக்கத்து வரியையும் கலந்து படித்துவிடும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பி.டி.எஃப். கோப்பைத் திறந்து, எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை மாறாமல் வந்தால் நல்லது. குழம்பி வந்தால் அங்கேயும் அப்படித்தான். ஒன்றுமே வரவில்லையென்றால் அது எழுத்தல்ல, வெறும் படம்!

எனக்கு புரோகிராம் எழுதத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்தபடி, "நீ அங்கே என்னதான்டி செய்தே?" என்று கேட்டேன். 'டெஸ்டிங் பொறுப்பு' என்று ஒரே வரியில் எழுதியிருந்தவள், வாயால் சொன்னபோது எவ்வளவு சொன்னாள்! வங்கிச் செயலியில் பணம் அனுப்பும் பகுதிக்கு 120 சோதனைகளை செலினியத்தில் எழுதினாளாம். இரண்டு நாள் வேலை மூன்று மணி நேரத்தில் முடிந்ததாம். "அதை எழுதேன்" என்றேன்.

மேலே பெயர், போன், ஈமெயில். அடுத்து தெரிந்த கருவிகள், பிறகு வேலை அனுபவம், கடைசி வேலை முதலில். படிப்பு அதற்கும் கீழே போதும். புதிதாகப் படித்து வந்த பிள்ளைகளுக்கு மட்டும் படிப்பும், செய்த பிராஜெக்டும் மேலே வரட்டும். அவர்களுக்கு ஒரே பக்கம், அனுபவசாலிக்கு இரண்டு. ஆதார் எண் எதற்கு? வேண்டவே வேண்டாம்.

இடைவெளியை மறைக்காதீர்கள். வேலையில் சேர்க்குமுன் பழைய கம்பெனிக் கடிதம், பி.எஃப். கணக்கு என்று பல இடங்களில் சரிபார்க்கிறார்கள். '2021–2024: குழந்தை வளர்ப்பு' என்று ஒரே வரி. அதன்கீழ் இப்போது படித்த பயிற்சி இருந்தால் அது. கெஞ்சலும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். இடைவெளி விட்ட பெண்களுக்கென்றே தனியாக ஆளெடுக்கும் கம்பெனிகளும் உண்டு. அங்கே இந்த வரிதான் நுழைவுச் சீட்டு.

கோப்புக்கு 'நியூ ஃபைனல் 3' என்று பெயர் வைக்காமல் உங்கள் பெயரையே வையுங்கள். காலேஜில் விளையாட்டாக வைத்த ஈமெயில் முகவரி இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். நாத்தனார் பெண்ணுடையது என்னவென்று இங்கே எழுத முடியாது, என்னைக் கொன்றுவிடுவாள்!