கொழுப்பை நீக்கினால் நலம் கூடுமா?

“வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு” என்பது நம் முன்னோர் வாக்கு. செக்கு எண்ணெயை உடலுக்கு உறுதி தரும் பொருளாகவே அவர்கள் மதித்தனர். இன்றோ நம் இல்லங்கள் பலவற்றில் எண்ணெயும் நெய்யும் அச்சத்துக்குரியனவாகிவிட்டன. ‘கொழுப்புக் குறைந்தது’ என உறையில் அச்சிட்டிருந்தால், அப்பண்டம் நன்மையே செய்யும் என நம்பி வாங்குகிறோம். நிலக்கடலை விளைவிப்போரும், பொள்ளாச்சித் தென்னை விவசாயிகளும், கறவை மாடு வைத்திருப்போரும் நிறைந்த கொங்கு நாட்டில், இந்நம்பிக்கையைச் சீர்தூக்கிப் பார்ப்பது அவசியமாகும்.

முதலில் பாலை எடுத்துக்கொள்வோம். எருமைப் பாலில் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பங்கு கொழுப்பு உண்டு. ஆவின் நீல உறைப் பாலில் இருப்பது 3 பங்கு. ஆரஞ்சு உறைப் பாலில் 6 பங்கு. இவ்வாறு கொழுப்பைக் குறைத்துச் சமன் செய்யும் முறையை 1946-இல் பம்பாயில் புகுத்தியவர் தாரா குரோடி. அவருடைய நோக்கம் நோய் தடுப்பதன்று. எருமைப் பாலுடன் கொழுப்பு நீக்கிய பால் தூளும் நீரும் சேர்த்து, எளியோருக்கும் மலிவாகப் பால் கிடைக்கச் செய்வதே. நீல உறைப் பாலில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்துவிடுவதில்லை. ஆகவே உடல் பருத்தோருக்கு அது ஏற்றதே. ஆனால் ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குக் கொழுப்பு எடுத்த பால் ஆகாது. வளரும் மூளைக்குக் கொழுப்பு வேண்டும்.

வளர்ந்தோர் செய்தி யாது? அமெரிக்காவில் ஏறக்குறைய 49,000 மாதரைக் கொண்டு சுமார் 8 ஆண்டுகள் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2006-இல் வெளியாயிற்று. மொத்தக் கொழுப்பைக் குறைக்குமாறு பயிற்சி பெற்றோருக்கும் ஏனையோருக்கும் இருதய நோயில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. கொழுப்பைக் குறைப்பதைவிட, அவ்விடத்தில் எதை உண்கிறோம், எவ்வகைக் கொழுப்பை உண்கிறோம் என்பனவே முக்கியம் என்று இன்று அறிகிறோம்.

நம் நிலையை நோக்குங்கள். இந்தியர் உண்ணும் கலோரிகளில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் வருவதாக 2025-இல் வெளிவந்த தேசிய ஆய்வு கூறுகிறது. நீரிழிவு உடையோர் 10 கோடிப் பேர் என்பது 2023-ஆம் ஆண்டின் கணக்கு. தறியில் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் நெசவாளர், கடலைச் சட்னியை விலக்கிவிட்டு ஒரு கரண்டி சோற்றைக் கூட்டிக்கொண்டால் பயன் என்ன? கொழுப்புக் குறைந்த பிஸ்கட்டிலும் மைதாவும் சர்க்கரையும் உள்ளனவே!

கொழுப்பிலும் வகை உண்டு. கடலெண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் பெரும்பகுதி நிறைவுறாக் கொழுப்பு. அது இருதயத்துக்கு இணக்கமானது. தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு ஏறக்குறைய 90 பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அது கெட்ட கொலஸ்டிராலை உயர்த்தும். நம் விளைபொருளே ஆயினும் இதை மறைத்தல் தகாது. வனஸ்பதியில் காணப்பட்டு வந்த டிரான்ஸ் கொழுப்போ யாவற்றினும் கேடானது. 2022 முதல் அரசு அதற்கு நூற்றுக்கு 2 பங்கென வரம்பு விதித்துள்ளது.

எவ்வகை எண்ணெயாயினும் ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்துக்கோ 4. ஆகவே மாதத் தேவையை முன்கூட்டியே அளந்து வாங்குதல் நன்று. காய்ச்சிய எண்ணெயில் மீண்டும் மீண்டும் பொரித்தல் ஆகாது. சோற்றைச் சிறிது குறைத்துக் கொள்ளு, பருப்பு, கீரை ஆகியவற்றைக் கூட்டுவோம். நோயுற்றோர் மருத்துவர் சொற்படி நடத்தல் வேண்டும்.

வாணியனுக்குக் கொடுப்போம்; அளந்தே கொடுப்போம்.